ஜன்னல் மேலே வெள்ளை டேப்

அன்புள்ள அண்ணனுக்கு,

இதைப் பிரித்ததும் கடைசிப் பக்கத்துக்குப் போய் யாருக்கு உடம்பு சரியில்லை என்று தேடாதே. உன் வழக்கம் எனக்குத் தெரியும். எல்லாரும் நன்றாக இருக்கிறோம். என் பிள்ளை பட்டாணியும் நன்றாக இருக்கிறான். நீ வைத்த பட்டப் பெயரைத்தான் அவன் தன் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்க்கிறான்.

இதுவரை உனக்கு ஏழு தடவை போன் செய்தேன். ஐந்து தடவை எடுத்தாய். ஐந்து தடவையும், மேலே ஏறிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்றாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால் முகவரி கேட்டு அண்ணியிடம் போனேன். வாசலிலேயே நிற்கவைத்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். கையில் கொடுக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"திட்டுறதுக்குப் போன் இருந்துச்சு. இதுக்கு மட்டும் தபாலா?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் போனில் சொன்னால் நீ பாதியிலேயே "விடும்மா" என்று சொல்லிவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை. முழுவதையும் படித்துத்தான் ஆகவேண்டும். வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். இவன் நடுவில் எழுந்தால் நிறுத்திவிட்டுத் தொடர்கிறேன், கோர்வை இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்.

பட்டாணிக்கு எட்டுப் பல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடக்கிறான். மின்பெட்டி அலமாரியின் கதவைத் திறந்து மூடுவதுதான் இப்போது அவனுக்கு முழுநேர வேலை. அந்தக் கதவின் உள்பக்கம் நீ பென்சிலால் எழுதிய எண் இன்னும் இருக்கிறது. வீட்டின் இடுக்கெல்லாம் அடைத்து முடித்து, வாசல் கதவில் சிவப்புத் துணியைக் கட்டி, நடுவில் பெரிய விசிறியை மாட்டி, வீட்டுக்குள் இருக்கும் காற்றை இழுத்துச் சோதித்த அன்று எழுதியது. புதிதாகக் கட்டும் வீட்டில் எவ்வளவு காற்றுக் கசியலாம் என்று விதி வைத்திருக்கும் அளவு மூன்று, குறையக் குறைய நல்லது. நம் வீட்டுக்கு வந்தது இரண்டே கால். தெருவில் இருபத்துநாலு வீட்டில் நம்முடையதுதான் முதலாவது. அன்றைக்கு உன்னைப் பிடிக்க முடியவில்லை. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கினவன் மாதிரி அறை அறையாகப் போய், தண்ணீரில் நனைத்த புறங்கையை ஒவ்வொரு இடுக்கிலும் காட்டி, "பாரு வாத்தியாரம்மா, ஒரு எறும்பு மூச்சு விட்டாக்கூட எனக்குத் தெரியும்" என்றாய். வீட்டுக்குச் சட்டை போட்டால் மட்டும் போதாது, பொத்தானும் போடவேண்டும், மூக்கை மட்டும் திறந்து வைக்கவேண்டும் என்று சொன்னதும் அன்றைக்குத்தான்.

மூக்கு என்று நீ காட்டியது ஜன்னல் சட்டத்துக்கு மேலே இருக்கும் நீளத் துளையை. அது காற்று உள்ளே வர. குளியலறைக் கூரையில் இருக்கும் சின்ன ஃபேன் காற்று வெளியே போக. அது இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாய். நானும் இரண்டு தடவை தலையாட்டினேன்.

சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன், தெரிகிறது. சொல்லிவிடுகிறேன்.

அந்த மூக்கை அடைத்தது நான்தான் அண்ணா.

இவன் குறைமாதத்தில் பிறந்தவன் என்பது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது டாக்டர் பத்து விஷயம் சொல்லி அனுப்பினார். என் காதில் விழுந்தது ஒன்றுதான்: குழந்தைமேல் குளிர்காற்றுப் படக்கூடாது. புது வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு இரண்டு மாதம், வெளியே நல்ல குளிர். தொட்டில் ஜன்னலுக்குக் கீழே இருந்தது. முதல் நாள் அவன் நெற்றியில் கை வைத்தால் சில்லென்று இருந்தது. மேலே கையைத் தூக்கிப் பார்த்தேன், துளை வழியாகக் காற்று வருகிறது. கடைக்குப் போய் அகலமான வெள்ளை டேப் வாங்கிவந்தேன். அவன் அறையில் ஒட்டினேன். ஒரு அறைக்கு ஒட்டினபின் அடுத்த அறைக்கு ஒட்டாமல் எப்படி இருப்பது? மூன்று அறையிலும் ஒட்டினேன். சட்டமும் வெள்ளை, டேப்பும் வெள்ளை. ஒட்டினது எனக்கே அப்புறம் கண்ணில் படவில்லை. அடுத்த வாரம் அந்தச் சின்ன ஃபேனையும் அணைத்தேன். அது ம்ம்ம் என்று முனகிக்கொண்டே இருந்ததில் அவன் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்ற நிலையில் அப்போது இருந்தேன்.

அதற்கப்புறம் அடைத்த வீட்டுக்குள் நான் என்னென்ன செய்தேன் என்று கேள். பால் புட்டிகளை நாளுக்கு ஐந்து தடவை கொதிக்கவைத்தேன். துணிகளை வெளியே போட்டால் காயாது என்று கூடத்தில் கயிறு கட்டிப் போட்டேன். அவன் குளிக்க அறையையே ஆவியாக்கினேன். நீராவி குளிர்ந்த இடத்தில் தண்ணீராகும் என்று ஆறாம் வகுப்பில் படித்தேன், கல்லூரியில் மூன்று வருஷம் வேதியியல் என்ற பெயரில் மறுபடி படித்தேன். பட்டச் சான்றிதழ் அதே கூடத்துச் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கண்ணாடிக்குள்ளும் நீர் பூத்திருந்தது. நான் அதைத் துணியால் துடைத்தேனே தவிர யோசிக்கவில்லை.

தொட்டிலுக்குப் பின்னால் கரும்புள்ளி வந்தது. ஒரு மாதத்தில் அது உள்ளங்கை அகலம் ஆயிற்று. இவனுக்கு நெஞ்சில் விசில் சத்தம் வந்தது. வாரம் ஒரு தடவை டாக்டரிடம் ஓடினோம். வீட்டில் பூஞ்சை இருக்கிறதா என்று அவர்தான் கேட்டார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் போனிலேயே உன்மேல் வந்து விழுந்தேன். இடுக்கு அடைத்தவன் நீ, வீட்டுச் சான்றிதழில் இருப்பது உன் கையெழுத்து. என் பிள்ளைக்கு வந்த நோய்க்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. நான் காரணமாக இருந்துவிடக்கூடாது என்பது மட்டும் எனக்கு எங்கோ உள்ளே தெரிந்திருந்தது.

அந்தச் சான்றிதழைக் கொடுத்த அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். பரிசோதகர் வந்தார். உன்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நான் ஃபேனைப் போட்டேன். ஏன் போட்டேன் என்று அப்போது கேட்டிருந்தால், எல்லாம் ஒழுங்காக இருக்கவேண்டும் என்பதற்காக என்று சொல்லியிருப்பேன். வீட்டுக்கு ஆள் வந்தால் மெத்தை விரிப்பை மாற்றுவோமே, அந்த மாதிரி. அவர் நல்ல சளியோடு வந்திருந்தார், அன்றைக்கே இன்னும் ஆறு வீடு பார்க்கவேண்டும் என்றார். ஃபேன் எப்போதும் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். அந்த ஒரு சொல்லைத்தான் இப்போது நாள் முழுக்க மென்றுகொண்டிருக்கிறேன்.

நீ அப்போது இவன் அறையில் ஜன்னலடியில் நின்றுகொண்டிருந்தாய். புறங்கையை நாக்கில் தொட்டு மேலே தூக்கிக் காட்டினாய். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாய். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் பட்டாணியின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். உன் தப்பை நீயே கண்டுபிடித்துவிட்டாய், அதனால்தான் முகம் அப்படி ஆகிவிட்டது என்று நினைத்தேன். அண்ணா, அப்படித்தான் நினைத்தேன், நம்பு.

கூடத்தில் இவர், என் மாமியார், பரிசோதகர் எல்லாரும் இருக்கும்போதுதான் அதைச் சொன்னேன். நீ மறந்திருக்கமாட்டாய்.

"உன் பேர் எழுதுன வீட்ல என் புள்ள மூச்சு விட முடியாமக் கெடக்கறான்."

நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவாய் என்று காத்திருந்தேன். சண்டை போடத் தயாராக நாலு வாக்கியம் வைத்திருந்தேன். நீ தரையைப் பார்த்தாய்.

"சரிம்மா. என் வேலைதான் சரியில்ல."

பரிசோதகர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாய். சுவர் இடுக்கு அடைப்பில் குறை, வேலை செய்தவர் ஒப்புக்கொள்கிறார் என்று அதில் இருந்தது. உன் வேலைச் சான்றிதழை நிறுத்திவைத்தார்கள். ஊரில் இனி யாரும் இடுக்கடைக்கக் கூப்பிடமாட்டார்கள் என்று நீ கிடங்குக்குக் கூரைத் தகடு மாட்டும் வேலைக்கு அவ்வளவு தூரம் போனாய். உயரம் என்றால் மொட்டைமாடி ஓரத்துக்குக்கூடப் போகமாட்டாய் நீ.

போகும் அன்று இவனைப் பார்க்க வந்தாயே. நான் அடுக்களையைவிட்டு வெளியே வரவில்லை. இவன் அறையில் நீ தனியாக இருந்தாய். உன் கத்தியின் அலகை ஒவ்வொரு படியாகத் தள்ளும் டிக் டிக் சத்தம் கேட்டது. அட்டையை வெட்டி ஏதோ பொம்மை செய்துகொடுக்கிறாய் என்று நினைத்தேன். போகும்போது வாசலில் நின்று, யாரிடமோ சொல்வதுபோல், "அந்தச் சின்ன ஃபேன் ஓடட்டும்மா, சத்தம் பழகிடும்" என்றாய். குத்திக்காட்டுகிறாய் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அதைப் போடவில்லை.

பத்து நாளில் இவன் நெஞ்சில் விசில் குறைந்தது. அதே வாரம் டாக்டர் மருந்தை மாற்றியிருந்தார். மருந்துக்குத்தான் நன்றி சொன்னேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த மருந்தின் பெயரைச் சொன்னேன்.

இவன் எழுந்துவிட்டான். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

*

நாளைக்கு என்றவள் நாலு நாள் கழித்துத் தொடர்கிறேன். அதற்குள் சில காரியங்களைச் செய்து முடித்துவிட்டுத்தான் எழுதவேண்டும் என்று இருந்தேன்.

உண்மை எப்படி வெளியே வந்தது என்று முதலில் சொல்கிறேன். என் புகாரின்படி சுவரைப் பெயர்த்து மறுபடி செய்வதற்கு முன்னால் அளவு எடுக்கவேண்டும் என்பது விதியாம். போன மாதம் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், என் வயதுதான் இருக்கும். தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை ஒவ்வொரு அறையிலும் வைத்துவிட்டுப் போனாள், அறையில் எவ்வளவு ஈரம் என்று அது தானே குறித்துக்கொள்ளுமாம். ஒரு வாரம் கழித்து வந்து அதையெல்லாம் எடுத்துப் பார்த்தாள். எல்லா அறையிலும் ஈரம் கண்டபடி இருக்கிறது, குழந்தை அறையில் மட்டும் இல்லையே என்றாள். ஸ்டூலைப் போட்டு ஏறினாள். கூடத்து ஜன்னல் சட்டத்தை நகத்தால் சுரண்டினாள். டேப் நீளமாக உரிந்து வந்தது. என்னைப் பார்த்தாள். அடுத்து இவன் அறையில் ஏறினாள்.

"இது மட்டும் வெட்டியிருக்கே. யார் வெட்டினது? கோடு போட்ட மாதிரி இருக்கு."

நானும் ஏறிப் பார்த்தேன் அண்ணா. துளையின் நான்கு ஓரமும் பிசிறில்லாமல், மூலைகூடக் கிழியாமல். அப்படி வெட்டுகிற கை ஒன்றுதான் எனக்குத் தெரியும். ஸ்டூலிலிருந்து இறங்கத் தெரியாமல் நின்றேன். அந்தப் பெண் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். சுவரில் எந்தக் குறையும் இல்லை, வேலை செய்தவர் கெட்டிக்காரர், வீட்டுக்குள்ளேயே சேர்ந்த ஈரம்தான் இது என்றாள். பிறகு, என்னைச் சமாதானப்படுத்தவோ என்னவோ, இந்தத் தெருவில் பதினோரு வீட்டில் அந்த ஃபேன் ஓடவில்லை என்றாள். எதிர்வீட்டு டிரைவர் துளைக்குள் செய்தித்தாளைச் சுருட்டிச் செருகியிருக்கிறாராம். அதோடு நிற்காமல், அடைத்த வீடு ஆளைக் கொல்லும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் அதற்குக் காட்டுகிற உதாரணம் நம் வீடு. நான் கிளப்பிவிட்ட பேச்சு.

அவர் வீட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். ஏம்மா, நீங்கதானே புகார் கொடுத்தீங்க என்று கேட்டார். ஆமாம், நான்தான், அது தப்பு என்றேன். அவர் போய்ச் செய்தித்தாளை உருவ ஆரம்பித்தார்.

அதைவிடக் கஷ்டம் வீட்டில் சொல்வது. சாப்பிட்டு முடித்ததும் இவரிடமும் மாமியாரிடமும் சேர்த்தே சொன்னேன். டேப், ஃபேன், பரிசோதகரிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும். இவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்க அண்ணனுக்கு இது அன்னைக்கே தெரியுமா?"

தெரியும் என்றேன். எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தார். கழுவின தட்டையே மறுபடி கழுவினார். மாமியார்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, இவர் காதில் விழாமல், "நானும் அந்த ஃபேனை ரெண்டு மூணு தடவ அணைச்சிருக்கேன். தலவலி தாங்கல. நீ திட்டுவியோன்னு சொல்லல" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஒரு வீட்டுக்குள் இரண்டு பெண்கள் ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி ஒரு ஃபேனை அணைத்திருக்கிறோம். பழி மட்டும் அதை மாட்டினவன் தலையில்.

நீ ஏன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு இப்போது தெரியும். இவர் முன்னால், மாமியார் முன்னால், பெற்றவளே பிள்ளைக்கு மூச்சை அடைத்தாள் என்று ஆகிவிடக்கூடாது என்று நினைத்தாய். அதைச் சொல்லியிருந்தால் உன் சான்றிதழ் போயிருக்காது. நான் என்ன ஆகியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். அப்போது நான் இருந்த நிலையில், தாங்கியிருக்கமாட்டேன். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும், அண்ணா, நீ சொல்லியிருக்கலாம் என்று உன்மேல் கொஞ்சம் கோபமும் வருகிறது. பார், இப்போதும் உன்னைத்தான் குறை சொல்கிறேன். பழக்கம்.

நேற்று அலுவலகத்துக்குப் போனேன். இவரும் கூட வந்தார், பட்டாணியைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அளவெடுத்த பெண்ணின் அறிக்கையையும் சேர்த்து வைத்தேன். அதிகாரி முழுவதையும் படித்தார். அப்படியானால் அன்றைக்கு ஏன் ஓடுகிறது என்று சொன்னீர்கள் என்று கேட்டார். பயந்துவிட்டேன் என்றேன். யாருக்குப் பயந்தீர்கள் என்றார். நான் மேஜைமேல் இருந்த அறிக்கையை நேராக்கி வைத்தேன். நல்ல மனிதர்தான், மேலே கேட்காமல் விட்டுவிட்டார்.

ஆனால் காரியம் அவ்வளவில் முடியவில்லை. புகார் கொடுத்தவர் மாற்றிச் சொன்னால் மட்டும் போதாதாம். குறை என்னுடையது என்று வேலை செய்தவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், அந்தக் கையெழுத்து இருக்கும்வரை எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது என்றார். அந்த ஒப்புதலை மறுத்து இன்னும் நாற்பது நாளுக்குள் நீயே உன் கைப்பட எழுதி அனுப்பவேண்டும். இல்லாவிட்டால் நிறுத்திவைத்த சான்றிதழ் அடியோடு ரத்தாகிவிடும். அதற்கப்புறம் எந்தப் புது வீட்டின் அலமாரிக் கதவிலும் நீ பென்சிலால் எண் எழுத முடியாது.

நானே எழுதிக் கொண்டுவரட்டுமா, அண்ணன் கையெழுத்து மட்டும் போட்டால் போதுமா என்று கேட்டேன். செல்லாது என்றார். வாசகம் முழுக்க உன் கையெழுத்தில்தான் இருக்கவேண்டுமாம்.

அந்தப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். எழுதவேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் எழுதவேண்டாம். இரண்டு வரி போதும். வேலையில் குறை இல்லை, தவறு என்னுடையது அல்ல. உனக்கு வாழ்க்கையிலேயே எழுதக் கஷ்டமான வரி அதுதான் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் நான் உடைத்த ஸ்லேட்டுக்குக்கூட நீதான் முட்டிபோட்டு நின்றாய். இந்த ஒரு தடவை எனக்காக எழுது. எனக்காக என்றால்தான் நீ எதையும் செய்வாய் என்பதால் அப்படிச் சொல்கிறேன்.

அண்ணியிடம் நேற்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. பட்டாணியை மட்டும் வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அது எனக்குப் போதும், இப்போதைக்கு.

மேலே ஏறும்போது கயிற்றை மாட்டிக்கொள். கீழே பார்க்காதே. வேளைக்குச் சாப்பிடு. தகடு மாட்டும் வேலையில் உன் புறங்கைக்கு என்ன வேலை இருக்கப்போகிறது என்று சில சமயம் நினைத்துக்கொள்கிறேன்.

வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. நீ சொன்னது சரி, சத்தம் பழகிவிட்டது. அதையும் மீறி அவன் மூச்சு எனக்குக் கேட்கிறது. கூடத்திலும் எங்கள் அறையிலும் டேப்பை முழுக்க உரித்துவிட்டேன். பசை மட்டும் போகவில்லை. வெந்நீர், சோப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். சட்டத்தில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, தூசியெல்லாம் அதில் போய் உட்கார்ந்து, நான் ஒட்டின இடம் முன்னைவிட நன்றாகத் தெரிகிறது. எதைப் போட்டுத் துடைத்தால் போகும் என்று உனக்குத் தெரிந்திருக்கும். எழுதி அனுப்பாதே. வந்து காட்டு.

இவன் அறை ஜன்னலை மட்டும் தொடவில்லை. நீ வெட்டினது வெட்டினபடி இருக்கிறது.

நீ வரும் நாளுக்காகக் காத்திருக்கும்,
உன் தங்கை